கரை போட்ட லேபலுக்கு ஓர் அஞ்சலி

ஒட்டாவாவைப் பிறப்பிடமாகவும், கனடாவின் தொழிற்சாலைகள், வைத்தியசாலைகள், ஆய்வுகூடங்கள், வாகனத் திருத்தகங்கள், துப்புரவு அறைகள் அனைத்தையும் வதிவிடமாகவும் கொண்டிருந்த ‘விமிஸ் 1988’ லேபல் 2018 நவம்பர் 30ஆம் திகதி காலமானது. 1988 ஒக்டோபர் 31இல் பிறந்த அதற்கு அப்போது வயது முப்பதும் ஒரு மாதமும். உற்றார் உறவினர் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததால் எந்தப் பத்திரிகையிலும் அறிவித்தல் வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

விமிஸ் என்பது கனடாவின் வேலைத்தளங்களில் ஆபத்தான இரசாயனங்களைப் பற்றித் தொழிலாளருக்குத் தகவல் கொடுக்கும் முறை. அதற்கு மூன்று கால்கள்: கொள்கலத்தில் லேபல், பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாள், தொழிலாளருக்குப் பயிற்சி. அந்த முறை இன்றும் உயிரோடுதான் இருக்கிறது, பெயர்கூட மாறவில்லை. செத்தது அதன் பழைய முகம். ஆனால் ஆலைக்குள் வேலை செய்தவர்களுக்கு விமிஸ் என்றால் அந்த முகம்தான்.

அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். லேபலின் நான்கு பக்கமும் சாய்கோடுகளாலான ஒரு கரை, வேட்டிக்குக் கரை ஓடுவதுபோல. கரைக்குள்ளே கறுப்பு வளையமிட்ட வட்டங்களில் ஆபத்துச் சின்னங்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் பக்கத்தில் பக்கத்தில். ஏழு விடயங்கள் அங்கே இருந்தாக வேண்டும்: பொருளின் பெயர், வழங்குநரின் பெயர், தரவுத் தாள் இருக்கிறது என்ற அறிவிப்பு, சின்னங்கள், ஆபத்து என்ன என்ற வாசகம், எப்படிக் கவனமாகக் கையாள்வது, பட்டுவிட்டால் என்ன முதலுதவி. கரைக்கு நிறம் இதுதான் என்று சட்டம் சொல்லவில்லை. பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரிந்தால் போதும்.

ஒரு பெயின்ட் தின்னர் டின்னை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் டொலுவீன். டின்னின் முன்பக்கம் கொம்பனியின் பெயர், பளபளக்கும் நிறங்கள், ‘விரைவில் காயும்’ என்ற வகை விளம்பரம். பின்பக்கம் திருப்பினால் கரை போட்ட கட்டம். அதற்குள் இரண்டு வட்டங்கள். ஒன்றில் தீச்சுவாலை: டொலுவீன் 4 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மற்றதில் ஆங்கில ‘ரீ’ எழுத்தும் அதன் காலடியில் ஒரு புள்ளியும்: உடனே கொல்லாது, காலப்போக்கில் கெடுக்கும் என்று அர்த்தம். கரைக்கு வெளியே கொம்பனி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கரைக்கு உள்ளே சட்டம் சொல்லச் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். விளம்பரம் எங்கே முடிகிறது, எச்சரிக்கை எங்கே தொடங்குகிறது என்பதை எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் காட்டிக்கொடுத்தது அந்தக் கரைதான்.

இந்த லேபல் தானாக முளைத்ததல்ல. அதன் வேர் வட ஒன்ராறியோவின் எலியட் லேக் என்ற யுரேனியச் சுரங்க ஊரில் இருக்கிறது. 1974இல் அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். தங்களிடையே நுரையீரல் புற்றுநோயும் சிலிக்காத் தூசியால் வரும் சிலிக்கோசிஸும் பெருகியிருந்த விவரம் மாகாண அரசின் கையில் இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. பிரான்சில் நடந்த ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட கட்டுரையின் வழியாகத்தான் அவர்களுக்கு அது தெரியவந்தது. தன் நெஞ்சுக்குள் இருக்கிற நோயைப் பற்றிக் கடல் கடந்து கேள்விப்பட வேண்டியிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அந்தக் கோபத்தின் பலனாக அமைந்ததுதான் பேராசிரியர் ஜேம்ஸ் ஹாம் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு. அதன் அறிக்கை 1976இல் வெளிவந்தது. 1979இல் ஒன்ராறியோவின் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளருக்கு மூன்று உரிமைகள் உண்டு என்பது கனடா முழுவதும் ஊன்றிய காலம் அது: ஆபத்தை அறியும் உரிமை, பாதுகாப்பு முடிவுகளில் பங்கெடுக்கும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை. இரண்டாவதும் மூன்றாவதும் முதலாவது இல்லாமல் நடக்காது. ட்ரம்முக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவன் எதை மறுப்பான்?

அறியும் உரிமைக்கு உடல் கொடுக்கத் தொழிற்சங்கங்கள், தொழிலதிபர்கள், மத்திய அரசு, மாகாண அரசுகள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். வருடக்கணக்கில் பேசினார்கள். வழங்குநர் செய்ய வேண்டியதை மத்திய அரசின் ஆபத்தான பொருட்கள் சட்டமும், முதலாளி செய்ய வேண்டியதை அந்தந்த மாகாணத்தின் சட்டமும் சொல்வது என்று பிரித்துக்கொண்டார்கள். வியாபார இரகசியம் என்று கொம்பனிகள் மறைக்க விரும்புவதைப் பரிசோதித்துத் தீர்ப்புச் சொல்லத் தனி ஆணைக்குழு ஒன்றையும் அமைத்தார்கள். மொழிக்கும் வளத்துக்கும் சண்டை பிடிக்கிற மாகாணங்கள் எல்லாம் ஒரே நாளில் ஒரே லேபலுக்குச் சம்மதித்தது கனடாவின் அரசியலில் அபூர்வம்.

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர் பலருக்குக் கனடாவில் எழுதிய முதல் சோதனை விமிஸ்தான். வேலை தொடங்குகிற நாளில் ஓர் அறையில் இருத்தி ஒரு வீடியோ போடுவார்கள். பிறகு சரி, பிழை கேள்வித்தாள். தேறினால் பேர்சுக்குள் வைக்கிற அளவில் ஓர் அட்டை. ஊரில் பட்டம் பெற்றவரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து அதே எட்டு வட்டங்களைப் பாடமாக்கினார்கள். தீச்சுவாலைக்கும் மண்டையோட்டுக்கும் விளக்கம் தேவையில்லை. கை அரித்துப்போகிற படம் அமிலம், காரம். சிலிண்டர் அழுத்தப்பட்ட வாயு. வட்டத்தின் மேல் எரிகிற தீ ஒட்சியேற்றி. சோதனைக்குழாயோடு சேர்ந்த ‘ஆர்’ எழுத்து, ஆடினாலோ சூடானாலோ தண்ணீர் பட்டாலோ மூர்க்கமாகத் தாக்கமுறும் பொருள். மூன்று கொம்பு வளைந்த சின்னம் தொற்றுக் கிருமி. அந்த ‘ரீ’தான் எல்லாரையும் குழப்பியது. பக்கத்தில் இருந்தவரிடம் தமிழில் கேட்டால் “அது ஆறுதலாக் கொல்லுற சாமான், அண்ணை” என்று பதில் வரும். வீடியோவை விட இந்தப் பதில் தெளிவு.

வேலைத்தளத்தின் ஒரு மூலையில் கொழுவியிருக்கும் தடித்த பைண்டருக்குள் தரவுத் தாள்கள் இருக்கும். பழைய முறையில் ஒரு தாளின் ஆயுள் மூன்று வருடம். அதற்கு மேல் போனால் வழங்குநர் புதிது அனுப்ப வேண்டும், முதலாளி மாற்றி வைக்க வேண்டும். திகதியைப் பார்த்தாலே தாள் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரசாயனம் படிக்காத ஒரு பாதுகாப்புக் குழு உறுப்பினர்கூட மாதாந்தச் சுற்றில் பைண்டரைத் திறந்து, இது காலாவதி என்று சுப்பர்வைசரிடம் நீட்ட முடிந்தது.

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். இந்த மரணத்தில் அந்த மரியாதை பொருந்தாது. குறைகளால்தான் அது செத்தது. முதற்குறை அந்த ‘ரீ’ வட்டமே. தோலில் பட்டால் எரிச்சல் தருகிற பொருளுக்கும் அதே வட்டம், புற்றுநோய் தருகிற பொருளுக்கும் அதே வட்டம். சட்டத்தின் உள்ளே இரண்டுக்கும் வெவ்வேறு உட்பிரிவுகள் இருந்தன. லேபலில் அந்த வித்தியாசம் தெரியாது. கண் எரிகிற சோப்புக் கரைசலில் நாள் முழுக்க அந்தச் சின்னத்தைப் பார்த்துப் பழகியவர், அதே சின்னத்தைப் புற்றுநோய்ப் பொருளில் கண்டு ஏன் பயப்பட வேண்டும்? ஆபத்து வாசகத்துக்கும் நிலையான சொற்கள் இல்லை. ஒரே இரசாயனத்துக்கு ஒரு கொம்பனி ‘தீங்கு தரலாம்’ என்று எழுதும், இன்னொன்று ‘மிகுந்த கவனம்’ என்று எழுதும்.

இரண்டாவது குறை எல்லையில் தெரிந்தது. கனடாவுக்குத் தெற்கே அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான ஓஷா 1983இலேயே தன் ஆபத்து அறிவித்தல் விதியை வெளியிட்டுவிட்டது. முதலில் உற்பத்தித் தொழிலுக்கு மட்டும், 1987இல் மற்றத் தொழில்களுக்கும். ஆனால் அது போன வழி வேறு. லேபலில் பொருளின் பெயரும் தகுந்த எச்சரிக்கையும் வழங்குநரின் விவரமும் இருக்க வேண்டும் என்று சொல்லியது. எந்தப் படம், எந்தச் சொல், எந்த வடிவம் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே டெட்ராயிட்டில் ட்ரக்கில் ஏற்றிய ஒரு ட்ரம் ஆற்றைக் கடந்து வின்சரில் இறங்கினால் அதற்கு வேறு லேபல் வேண்டும், பிரெஞ்சும் வேண்டும், கரையும் வேண்டும், வேறு தரவுத் தாளும் வேண்டும். உலகத்திலேயே மிகப் பெரிய வியாபார உறவுகளில் ஒன்றை வைத்திருந்த இரண்டு நாடுகள் ஒரே திரவத்தை இரண்டு விதமாக எச்சரித்துக்கொண்டிருந்தன.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய பூமி உச்சிமாநாடு, இரசாயன ஆபத்தை வகைப்படுத்தி லேபல் இட உலகத்துக்கே ஒரு முறை வேண்டும் என்று தன் செயல்திட்டத்தில் எழுதியது. 2000ஆம் ஆண்டுக்குள் முடிக்க நினைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பான ஓஇசிடியும் ஐக்கிய நாடுகளின் ஆபத்துச் சரக்கு நிபுணர்களும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 2002 டிசம்பரில் உடன்பாடு வந்தது, 2003இல் ஊதா நிற அட்டையோடு புத்தகமாகவும் வந்தது. அதுதான் ஜிஎச்எஸ் எனப்படும் உலகளாவிய ஒத்திசைவு முறை. சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்புச் சின்னம், ‘அபாயம்’ அல்லது ‘எச்சரிக்கை’ என்ற ஒரு சொல், நிலையான வாசகங்கள், 16 பிரிவுகள் கொண்ட தரவுத் தாள்.

கனடாவும் அமெரிக்காவும் இந்த முறையை உருவாக்கிய மேசையில் முதலிலிருந்தே இருந்த நாடுகள். ஆனாலும் ஊருக்கு வந்து நடைமுறைப்படுத்துவதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கனடாவின் தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. தென்னெல்லையில் உள்ளவர் மாறாமல் தான் மட்டும் மாறினால் இரண்டு லேபல் தொல்லை தீராது, வடிவம் மட்டும் மாறும். 2011 பெப்ரவரி 4ஆம் திகதி பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரும் ஜனாதிபதி பராக் ஒபாமாவும் வாஷிங்டனில் ஒழுங்குவிதி ஒத்துழைப்புச் சபை ஒன்றை அறிவித்தார்கள். அந்த வருட டிசம்பரில் வந்த கூட்டுச் செயல்திட்டத்தில் வேலைத்தள இரசாயன லேபலும் ஒன்று. 2012 மார்ச்சில் ஓஷா தன் விதியை ஜிஎச்எஸுக்கு மாற்றியது. 2013இல் ஓஷாவும் கனடாவின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன: பிரிந்துபோகிற வழிகளைக் குறைப்பது, ஒரே லேபலும் ஒரே தரவுத் தாளும் இரண்டு நாட்டிலும் செல்லுபடியாகும்படி செய்வது. 2015 பெப்ரவரி 11இல் கனடாவின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய லேபலின் மரணத் திகதி அன்றே எழுதப்பட்டுவிட்டது.

மரணம் படிப்படியாக வந்தது. தயாரிப்பாளருக்கு 2017 மே முடிவுவரை தவணை. தயாரில்லை என்று தொழில்துறை முறையிட, அது ஒரு வருடம் தள்ளிப்போனது. விநியோகிப்பவருக்கு 2018 ஓகஸ்ட் முடிவுவரை. முதலாளிகளுக்கு 2018 நவம்பர் முடிவுவரை. இடைப்பட்ட காலத்தில் ஒரே அலுமாரியில் வட்டமும் சாய்சதுரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தொழிலாளி இரண்டையும் படிக்க வேண்டியிருந்தது. டிசம்பர் முதலாம் திகதி விடிந்தபோது பழைய லேபல் சட்டத்தின் கண்ணில் வெறும் கடதாசி.

வாரிசிடம் என்ன போனது என்று பார்ப்போம். அதே தின்னர் டின்னில் இப்போது மூன்று சாய்சதுரங்கள்: தீச்சுவாலை, வியப்புக்குறி, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம். மேலே ‘அபாயம்’ என்ற சொல். தோல் எரிச்சலுக்கு வியப்புக்குறி, உள்ளுறுப்பையும் கருவையும் பாதிப்பதற்கு நெஞ்சு வெடித்த உருவம் என்று ‘ரீ’யின் சுமை இரண்டாகப் பிரிந்துவிட்டது. விழுங்கிய திரவம் சுவாசப் பாதைக்குள் இறங்கினால் உயிர் போகலாம் என்ற வாசகமும் புதிதாக வந்திருக்கிறது. பழைய முறையில் அந்த ஆபத்துக்குத் தனி வகுப்பே கிடையாது. இவ்வளவும் நன்மை. இதற்காகப் பழையவர் போனது சரிதான்.

போனதோடு போனவையும் உண்டு. சாய்கோட்டுக் கரை கட்டாயமில்லை என்றானது; அமெரிக்க லேபலில் அது இல்லாததால் கனடாவிலும் வேண்டாம் என்ற கணக்கு. இன்று விளம்பரத்துக்கும் எச்சரிக்கைக்கும் நடுவே வேலி இல்லாத டின்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. தரவுத் தாளின் மூன்று வருட ஆயுளும் போனது. முக்கியமான புதுத் தகவல் வந்தால் 90 நாளுக்குள் தாளையும் 180 நாளுக்குள் லேபலையும் திருத்த வேண்டும் என்பது புது விதி. விஞ்ஞானிக்கு அது பொருத்தமான விதி. பைண்டரைத் திறந்து திகதி பார்க்கிற தொழிலாளிக்கு அது ஓர் ஆயுதம் பறிபோன கதை. புதுத் தகவல் வந்ததா இல்லையா என்று அவர் எங்கே போய்த் தேடுவார்? எந்தெந்தப் பொருள் கலவையில் இருந்தால் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று வரிசைப்படுத்திய பட்டியலும் இல்லாமல் போனது.

ஒரே ஒரு வட்டம் மட்டும் பிழைத்தது: தொற்றுக் கிருமிச் சின்னம். ஜிஎச்எஸ் கிருமிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. கனடா அந்த வகுப்பை விட்டுக்கொடுக்க மறுத்து, சின்னத்தைப் பழைய வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அயலவரோடு ஒத்துப்போவதற்காகத் தன்னுடைய பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு அந்த ஒற்றை வட்டம் சாட்சி. கரையையும் இப்படி வைத்திருக்க முடிந்திருக்கும் என்பதுதான் என் ஆற்றாமை.

இத்தனை கொடுத்து வாங்கிய ஒற்றுமை முழுமையாகக் கிடைத்ததா? ட்ரக் இன்றும் எல்லையில் முழுச் சுதந்திரமாக ஓடவில்லை. பிரெஞ்சு வேண்டும். பொதுவாகக் கனடாவில் உள்ள இறக்குமதியாளரின் விவரம் வேண்டும். ஜிஎச்எஸ் புத்தகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. ஏழாவது திருத்தத்துக்குக் கனடா 2022 டிசம்பரில் மாறியது, அமெரிக்கா 2024 மேயில்தான் மாறியது. ஏறக்குறைய ஒன்றரை வருட இடைவெளியில் இரண்டு நாட்டின் விதிகளும் மறுபடி விலகி நின்றன. வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கோ கனடாவில் இன்னமும் வேறு சின்னங்கள்: எண்கோணத்துக்குள் மண்டையோடு, எலும்புக்கை. ஆலையில் சாய்சதுரம் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து கழிவறைத் திரவத்தை எடுப்பவர் வேறொரு படப்புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

அயல்நாடுகள் ஒன்றுசேர்ந்து விதி எழுதுவதை நான் பழிக்கவில்லை. ஆபத்துக்கு எல்லைக்கோடு தெரியாது, எச்சரிக்கைக்கும் தெரியக்கூடாது. இரண்டு பேர் உடன்படும்போது யாருடைய நல்ல பழக்கம் நிலைக்கிறது, யாருடையது போகிறது என்பதுதான் கேள்வி. 1988இன் மேசையில் தொழிற்சங்கத்துக்கும் ஒரு கதிரை இருந்தது. அதனால் கரையும் மூன்று வருடத் திகதியும் பிறந்தன. 2011இன் திட்டம் வியாபாரத் தடங்கலைக் குறைக்க இரண்டு அரசுகள் போட்டது. அதனால் எல்லை கடக்க உதவாத இரண்டும் போயின. உடன்பாட்டின் வெற்றியை, ட்ரக்காரன் எல்லையை எவ்வளவு வேகமாகக் கடக்கிறான் என்று அளக்கிறவர்கள், ட்ரம்மின் மூடியைத் திறக்கிறவன் எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிறான் என்றும் அளந்திருக்க வேண்டும்.

வாசிக்கிற உங்களுக்கு இரண்டு வார்த்தை. வேலைத்தளத்தின் பின் அலுமாரியில் சாய்கோட்டுக் கரையும் வட்டச் சின்னமும் உள்ள ஒரு டின் கண்ணில் பட்டால், பல வருடங்களாக அந்தப் பொருளை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். திறக்காமல் சுப்பர்வைசரிடமோ பாதுகாப்புக் குழுவிடமோ சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலுக்குள் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். வேறு கொள்கலத்துக்கு மாற்றினால் அதற்கும் லேபல் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். ஏஜென்சி மூலம் ஒரு கிழமை வேலைக்குப் போனாலும் விமிஸ் பயிற்சி உங்கள் உரிமை. முதல் நாளே தரவுத் தாள் எங்கே என்று கேளுங்கள். காட்ட முடியாது என்று சொல்கிற இடத்தில் அந்த ட்ரம்மைத் தொடாதீர்கள்.